பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதீர்கள்

கிறிஸ்தவர்களாகிய நாம் அயலாரோடு பழகுவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

*

எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள். எதிர்வீட்டு அக்கா பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை தருவார். கோயிலுக்குப் போய்வந்தால் பிரசாதம் தருவார். சிரித்துக்கொண்டே வாங்கி, அவர் போனதும் கொட்டிவிடுகிறேன். உறுத்துகிறது. — வாசகி, தென்காசி

கொட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், சகோதரி. சாப்பிடலாமா கூடாதா என்பது அப்புறம். முகத்துக்கு நேரே வாங்கி முதுகுக்குப் பின்னால் குப்பையில் போடுவதில் உங்கள் விசுவாசமும் இல்லை, அந்த அக்காவுக்கு மரியாதையும் இல்லை. என்றைக்காவது குப்பை எடுக்க வருபவர் கண்ணிலோ அக்காவின் பிள்ளை கண்ணிலோ அது படும். பத்து வருடப் பழக்கம் அன்றோடு போய்விடும்.

கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்களுக்கும் இதே கேள்வி இருந்தது. அங்கே கடையில் விற்ற இறைச்சியில் கோயிலில் படைத்ததும் கலந்திருக்கும். கடையில் வாங்கும்போதோ ஒருவர் வீட்டு விருந்திலோ துருவித் துருவிக் கேட்காதே, வைத்ததைச் சாப்பிடு என்று பவுல் எழுதினார். ‘இது படைக்கப்பட்டது’ என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், அப்படிச் சொன்னவர் நிமித்தம் சாப்பிடாதே என்றும் எழுதினார் (1 கொரிந்தியர் 10:25-28). ஆகவே அக்கா வீட்டுத் தீபாவளி முறுக்கும், கார்த்திகைப் பொரியுருண்டையும், ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பும் கேள்வியே இல்லாமல் சாப்பிட வேண்டியவை. பூஜையில் வைத்தது என்று சொல்லித் தருவதைத்தான் யோசிக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் அதை அன்பின் அடையாளமாக வாங்கிச் சாப்பிடுகின்றன. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே குடும்பங்களில் பெரும்பாலும் மறுக்கிறார்கள். உங்கள் மனச்சாட்சி எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். பக்கத்துச் சபைக்காரர் வேறு மாதிரி செய்தால் அவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மறுப்பதென்றால் அதற்கு நேரம் பார்க்க வேண்டும். பண்டிகையன்று அவர் தட்டோடு வாசலில் நிற்கும்போது சொல்லக் கூடாது. அதற்கு ஒரு வாரம் முன்னால், துணி காயப்போடும் சாதாரண நாள் ஒன்றில் சொல்லுங்கள்: “அக்கா, ஒவ்வொரு நல்ல நாளுக்கும் எங்களை நெனச்சுக் கொண்டு வர்றீங்க. சாமிக்குப் படைச்சது மட்டும் நாங்க சாப்பிடறதில்ல, எங்க வழக்கம் அப்படி. இத்தன நாளாச் சொல்லாம இருந்தது என் தப்புதான். உங்க வீட்டுக் கொழம்பு, தொவையல் எது குடுத்தாலும் வேண்டாம்னே சொல்லமாட்டேன்.” இவ்வளவு போதும். ‘வயிற்றுக்கு ஒத்துக்காது’ என்று பொய் சொன்னால், அடுத்த வாரம் கல்யாண வீட்டில் நீங்கள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவதை அவர் பார்ப்பார். ‘பாவம்’, ‘தீட்டு’ என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. ‘படைப்பதற்கு முன்னால் இரண்டு எடுத்து வைத்துத் தாருங்கள்’ என்று நம்மவர்கள் சிலர் நல்ல எண்ணத்தில் கேட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் படைக்கும்முன் பலகாரத்தை ருசிகூடப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் அப்படிக் கேட்பது அவர்களுக்கு நைவேத்தியத்தை எச்சில்படுத்தச் சொல்வதுபோல. கேட்கவே கேட்காதீர்கள். நீங்கள் பேசுவதற்கு முன்பே பிரசாதம் கைக்கு வந்துவிட்டால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை மதித்துச் சாப்பிடும் ஒருவரிடம் அன்றே சேர்த்துவிடுங்கள்.

வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமையாக அனுப்பாதீர்கள். நாலு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி சர்க்கரையோ போட்டு அனுப்புவது நம் ஊர் மரபு. கிறிஸ்தவ வீட்டிலிருந்து பாத்திரம் வெறுமையாகப் போனால், ‘இவர்கள் நம்மோடு ஒட்டமாட்டார்கள்’ என்ற எண்ணத்துக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கும் இதே கவனம் வேண்டும். அது மார்கழியில் வருகிறது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்பனுக்கு மாலை போட்டவர் அந்த வீட்டில் இருந்தால் முட்டைகூட உள்ளே வராது. நாம் ஆசையாக அனுப்பும் பிளம் கேக்கில் முட்டை உண்டு, சிலவற்றில் ரம்மும் உண்டு. அவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கி என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: இப்போது நீங்கள் கொழுக்கட்டைக்குச் செய்வதைத்தான். அச்சு முறுக்கு செய்யுங்கள், முட்டையில்லாமல். பச்சரிசி மாவு 2 டம்ளர், மைதா கால் டம்ளர், பொடித்த சர்க்கரை முக்கால் டம்ளர், எள் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. முட்டைக்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரையுங்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். காயாத அச்சில் மாவு ஒட்டாது, ஒட்டினாலும் பிரியாது. மாவில் முக்கால் உயரம் வரைதான் அச்சை முக்க வேண்டும். விளிம்பு மூடினால் முறுக்கு கழலவே கழலாது, கம்பியால் குத்தி உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் புதிதாக இருக்கட்டும். மீன் பொரித்த எண்ணெய் வேண்டாம். கொடுக்கும்போது “முட்டை சேக்கல, புது எண்ணெய்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் அவர்களை நினைத்துச் செய்தீர்கள் என்பது அந்த ஒரு வார்த்தையில் போய்ச் சேரும்.

*

ஊர்க் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் ஊரோடு ஒட்டாதவன் என்பார்கள். கொடுத்தால் சபையில் கேள்வி கேட்பார்கள். — வாசகர், சிவகங்கை மாவட்டம்

சட்டப்படி அது கட்டாய வரி அல்ல. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்காதீர்கள். ஊர் வரி வெறும் பணக் கணக்கு அல்ல, ‘இவன் நம்ம ஆள்’ என்பதற்கான பதிவு. அந்த நோட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். எந்தத் தலைப்பில் என்பதுதான் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

இதில் காரியம் கெடுவது பெரும்பாலும் நேரம் தப்புவதால்தான். நோட்டோடு நாலு பேர் வாசலுக்கு வந்தபின் மறுத்தால், அவர்கள் மற்றவர் முன்னால் அவமானப்பட்டுத் திரும்புகிறார்கள். காப்புக் கட்டுவதற்குப் பல நாள் முன்பே, வரி எவ்வளவு என்று பேசத் தொடங்கும்போதே, ஊர்ப் பெரியவர் ஒருவரை அவர் வீட்டில் தனியாகப் பாருங்கள். போதகரைக் கூட்டிப்போகாதீர்கள், கூட்டிப்போனால் உங்கள் குடும்பத்தின் பேச்சு மதத்துக்கும் மதத்துக்குமான பேச்சாகிவிடும். உங்கள் அப்பாவையோ பெரியப்பாவையோ கூட்டிப்போங்கள். சொல்ல வேண்டியது: “மாமா, பூஜைச் செலவுல நாங்க சேர முடியாது. ஊர்ச் செலவுல எங்களை விட்டுடாதீங்க.”

கொடையில் பொதுச் செலவு ஏராளம். குடிதண்ணீர் லாரி, தெருவிளக்கு, வெளியூர்க்காரர்கள் தங்கப் பந்தல், ஆம்புலன்ஸ் நிற்க இடம் ஒதுக்குவது, விழா முடிந்தபின் குப்பை அள்ளுவது. இவற்றில் ஒன்றை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கட்டு வரி எவ்வளவோ அதற்கு ஒரு ரூபாயும் குறையாமல் கொடுங்கள், முடிந்தால் கூடுதலாகவே கொடுங்கள். குறைத்தால் ‘காசுக்காகத்தான் மதம் பேசுகிறான்’ என்ற சொல் நிச்சயம் வரும். ‘தண்ணீர் வண்டிக்கு’ என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சபையில் கேட்டால் நோட்டில் உள்ள அந்த எழுத்தே உங்கள் பதில். பணத்தோடு நிறுத்தாமல் விழாவன்று அந்தத் தண்ணீர் வண்டிப் பக்கத்தில் நீங்களே நில்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தள்ளிவைப்பதாக மிரட்டினால், கடையில் சாமான் தரக் கூடாது, குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று தடுத்தால், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்து அமைதிக் கூட்டம் கேளுங்கள். மனுவில் நடந்ததை மட்டும் நாள், இடம் போட்டு எழுதுங்கள். கோயிலைப் பற்றியோ விழாவைப் பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம்.

*

லேத் பட்டறையில் வேலை. ஆயுத பூஜையன்று லீவு போட்டுவிடலாமா? — வாசகர், கோயம்புத்தூர்

போடாதீர்கள். ஆயுத பூஜையில் முக்கால்வாசி வேலை முந்தின நாள் நடப்பது. இரும்புச் சுருளை வாரி, கூலண்ட் தொட்டியை இறக்கிக் கழுவி, லேத்தின் அடித்தளமான பெட்டின் அடியில் வருடம் முழுக்கச் சேர்ந்த கசடைச் சுரண்டி, இரும்பைப் பிடித்துச் சுழலும் ‘சக்’கைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, தரையைத் தேய்த்துக் கழுவுவது. அன்றைக்கு லீவு போடுகிறவரை யாரும் பக்திமான் என்று நினைப்பதில்லை, வேலைக்குப் பயந்தவர் என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போங்கள். பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழத்துக்கு எல்லாரும் போடும் பணத்தை நீங்களும் போடுங்கள். அது கூட வேலை செய்கிறவர்களோடு சாப்பிடுவதற்கான பணம்.

பூஜை நேரத்தில் பின்வரிசையில் அமைதியாக நில்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நிற்கவும் வேண்டாம், போனைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். தீபத் தட்டு வரும்போது லேசாகத் தலையசைத்தால் தட்டு தானே அடுத்தவரிடம் போகும். யாராவது உங்கள் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தால் வைக்கட்டும். அந்த இயந்திரம் முதலாளியுடையது, அன்பு அந்த மனிதருடையது. அவர் கண் முன்னாலேயே துணி எடுத்துத் துடைக்காதீர்கள். மறுபடி வேலை தொடங்கும் நாளில் எல்லாரும் தத்தம் இயந்திரத்தைத் துடைத்துத்தான் ஓட்டுவார்கள். காய்ந்த சந்தனமும் குங்குமமும் பெட்டின் தடத்தில் கிடந்தால் உராயும். சக்கில் சுற்றிய மாலையின் நார் சிக்கினால் ஆபத்து. அப்போது நீங்களும் துடையுங்கள்.

சீரியாவின் படைத்தலைவன் நாகமான் கர்த்தரை ஏற்றுக்கொண்ட பிறகு, தன் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோயிலில் பணிகையில் தன் கைமேல் சாய்ந்துகொள்வான், அப்போது தானும் குனிய நேரிடும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று எலிசா தீர்க்கதரிசியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ‘சமாதானத்தோடே போ’ என்றார் (2 இராஜாக்கள் 5:18-19). பிழைப்புக்காக இன்னொருவர் கீழ் வேலை செய்கிறவரின் சங்கடம் வேதத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இதே கேள்வியை முதலாளியாக இருக்கும் கிறிஸ்தவர்களும் கேட்கிறார்கள். உங்களுக்குப் பதில் இன்னும் எளிது. தொழிலாளிகள் பூஜை செய்ய விரும்பினால் இடம் கொடுங்கள், போனஸையும் இனிப்பையும் தாமதமில்லாமல் கொடுங்கள். அதற்குப் பதிலாகக் கிறிஸ்துமஸ் ஜெபத்தில் எல்லாரும் உட்கார வேண்டும் என்று சொல்லாதீர்கள். சம்பளம் கொடுக்கும் கை ‘விருப்பம் இருந்தால் வாங்க’ என்று சொன்னாலும், வாங்குகிறவர் காதில் அது கட்டளையாகத்தான் விழும்.

*

வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். மாடியில் குடியிருப்பவர் போலீசில் சொல்லிவிட்டார். இது உபத்திரவம் இல்லையா? — வாசகி, தாம்பரம்

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, அம்மா. இருபது பேர் கூடும் ஹாலில் கீபோர்டு, ஸ்பீக்கர், மைக் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு 10 மணி தாண்டுவதும் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது உபத்திரவம் அல்ல. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் தூக்கம் கேட்கிறார்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்கவே எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய 60 டெசிபெல் வரும். ஸ்பீக்கர் போட்ட ஜெபம் எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். கோயில் திருவிழாவில் மட்டும் போடுகிறார்களே என்று கேட்காதீர்கள். அங்கே நடப்பது தவறென்றால் இங்கே நடப்பதும் தவறுதான்.

செய்ய வேண்டியது இதுதான். இருபது பேருக்கு மைக் வேண்டாம், இன்றே எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்குத் தனி ஸ்பீக்கர் வேண்டாம், அதன் உள்ஸ்பீக்கரே போதும். டம்போரினும் டோலக்கும் மாடித் தளத்துக்கு நேராக அதிர்வை ஏற்றும். வீட்டுக் கூட்டத்துக்குக் கைத்தட்டே அதிகம். 7 மணிக்குத் தொடங்கி 8.30க்கு முடியுங்கள். தாம் பெற்ற நன்மையைச் சாட்சியாகச் சொல்கிறவர் நீட்டினால் நிறுத்துவதற்கு ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். கூட்டங்கள் நீள்வது பெரும்பாலும் கடைசிப் பாட்டில்தான். செருப்பை மாடிப்படியில் விடாதீர்கள். பைக்கை அடுத்தவர் கேட்டை மறித்து நிறுத்தாதீர்கள்; புகார் கொடுப்பவர்களின் கோபம் பாட்டில் தொடங்குவதைவிட இந்த கேட்டில் தொடங்குவதுதான் அதிகம். முழு இரவு ஜெபத்தை ஆலயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த நாட்களில் வேறொருவர் வீட்டுக்குக் கூட்டத்தை மாற்றுங்கள். அப்படி மாற்றியதை அவர்களிடம் சொல்லவும் வேண்டாம், அவர்களுக்கே தெரியவரும்.

இதைவிட முக்கியமான ஒன்று. சாட்சி சொல்லும்போது அடுத்தவர் வணங்கும் தெய்வத்தின் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசுவது சில கூட்டங்களில் பழக்கமாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தத் தெய்வத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி காதில் அது விழுகிறது. உங்களுக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

மாடிக்காரரைப் போய்ப் பாருங்கள். “சத்தமா இருந்துச்சு, மன்னிச்சுக்கோங்க. இனிமே மைக் கிடையாது, எட்டரைக்கு முடிச்சுடுவோம். மறுபடி தொந்தரவா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.” ஜெபக்கூட்டத்துக்கு வரச்சொல்லி அதே மூச்சில் அழைக்காதீர்கள். மன்னிப்பு மன்னிப்பாகவே இருக்கட்டும்.

*

அலுவலகத்தில் ‘ஏன் பொட்டு வைக்கிறதில்ல, பூ வைக்கிறதில்ல, முகமே களையா இல்ல’ என்று கேட்கிறார்கள். சிலர் அமங்கலம் என்கிறார்கள். எப்படிப் பதில் சொல்வது? — வாசகி, ஈரோடு

சுருக்கமாக. “எங்க வீட்டுல பொட்டு வைக்கிற பழக்கம் இல்ல அக்கா” என்பதே முழுப் பதில். மேலும் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள், மூன்றாவது வாக்கியத்தை அவர் கேட்கும்வரை வைத்திருங்கள். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு எழுதியிருக்கிறார் (1 பேதுரு 3:15). அதில் ‘கேட்கிறவனுக்கு’ என்ற சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறோம்.

எது சமயம், எது ஊர் வழக்கம் என்ற தர்க்கம் தமிழ்நாட்டில் நானூறு வருடப் பழையது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, சந்தனமும் குடுமியும் பூணூலும் சமூக அடையாளங்கள், மதம் மாறியவர்கள் அவற்றை விட வேண்டியதில்லை என்று வாதிட்டார். பெரும் சர்ச்சைக்குப் பிறகு 1623இல் ரோம் அதை அனுமதித்தது. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் வெளியிட்ட ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்றது. தாலியை விடவில்லை, அதில் சிலுவை ஏறிக்கொண்டது. பூ விஷயத்திலும் நம் சபைகளுக்குள் ஒரே வழக்கம் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் கத்தோலிக்கப் பெண்கள் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு திருப்பலிக்கு வருகிறார்கள். வேறு சில சபைகளில் ஒரு முழம்கூடக் கூடாது. ஆகவே ‘பைபிளில் பூ வைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது’ என்று அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள். அப்படி எங்கும் போடவில்லை. அடுத்த மேசையில் பூ வைத்த கிறிஸ்தவப் பெண் இருந்தால் அவரையும் சங்கடத்தில் விடுவீர்கள்.

வளைகாப்புக்கு அழைத்து, பொட்டில்லாததால் ஓரமாக உட்காரவைத்தால் வலிக்கத்தான் செய்யும். அங்கேயே எழுந்து போகாதீர்கள். வளையலும் பூவும் வாங்கிப்போயிருப்பீர்கள். பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து உங்கள் கையாலேயே கொடுத்து வாழ்த்துங்கள்.

*

‘உங்க சாமி எல்லாரும் சமம்ங்குது, உங்க சர்ச்சுல மட்டும் ஏன் சாதி பாக்குறீங்க’ என்று நண்பர் கேட்டார். வாயடைத்துப் போனேன். — வாசகர் (பெயர் வேண்டாம்)

அவர் கேட்டது நியாயம். மறுத்துப் பேச முயலாதீர்கள். சாதி தொடக்கத்திலிருந்தே தமிழ்ச் சபைக்குள் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். கல்லறையில் நடுச்சுவர், தேர் போகாத தெரு, பேராயர் தேர்தலில் சாதி ஓட்டு, ‘கிறிஸ்தவர், இன்ன சாதி, அதே பிரிவில் வரன் தேவை’ என்ற விளம்பரம். எல்லாமே உங்கள் நண்பருக்குத் தெரியும். “நீங்க சொல்றது உண்மை. அது எங்க பாவம்” என்று சொல்லுங்கள்.

அப்படிச் சொன்னபின் உங்கள் வீட்டைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? வீடு வாடகைக்கு விடும்போது ‘எந்த ஊர்’, ‘அப்பா என்ன செய்றார்’ என்று எதற்காகக் கேட்கிறீர்கள்? சபைக்குள் வேறு தெருக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போனீர்களா, போய்ச் சாப்பிட்டீர்களா? கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி என்ன? நண்பர் உங்கள் வாதத்தைக் கேட்டு மனம் மாறப்போவதில்லை. உங்கள் வீட்டு விருந்தில் யார் யார் ஒரே பந்தியில் உட்கார்கிறார்கள் என்பதைத்தான் அவர் கவனிப்பார்.

*

பொங்கல் வைக்கலாமா? — வாசகி, திண்டுக்கல்

தாராளமாக. பல ஆலய வளாகங்களிலேயே தைப்பொங்கல் வைத்து அறுவடைக்கு நன்றி சொல்கிறார்கள். வாசலில் கோலம் போட்டு, தெருவோடு சேர்ந்து பானை வையுங்கள். பொங்கி வழியும்போது கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்.

*

தெருவில் சீட்டுப் பிடிக்கிறார்கள். விசுவாசி சேரலாமா? — வாசகர், நாகர்கோவில்

சேர்வதைவிடக் கட்டுவதுதான் கேள்வி. முன்கூட்டியே சீட்டு எடுத்துவிட்டு மீதித் தவணையை இழுத்தடிக்கும் கிறிஸ்தவர் தெருவில் ஒருவர் இருந்தால் போதும், மற்ற எல்லாருடைய சாட்சியும் அவரோடு கெடும். 20 மாதச் சீட்டென்றால் 20 மாதமும் உங்கள் சம்பளம் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பதிவில்லாத சீட்டில் பணம் போனால் மீட்க வழி குறைவு. ‘ஊழியத்துக்காக’ என்று சொல்லி அயலாரிடம் கடன் வாங்கவே வாங்காதீர்கள்.

*

பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். எங்களுக்கு மிகவும் வேண்டியவர். சடங்குகளில் எங்கே நிற்பது, எங்கே விலகுவது என்று தெரியாமல் வெளியிலேயே நின்றுவிட்டேன். — வாசகர், கும்பகோணம்

அடுத்த முறை உள்ளே போங்கள், ஐயா. துக்க வீட்டில் விலக வேண்டிய இடம் மிகக் கொஞ்சம், நிற்க வேண்டிய இடம் நிறைய.

செய்தி கேட்ட அரைமணி நேரத்தில் போய் நில்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் அந்த வீட்டுக்குத் தேவைப்படுவது கைகள். நாற்காலி, பந்தல், ஐஸ் பெட்டிக்குப் போன், வெளியூர் உறவினருக்குத் தகவல், மருத்துவரிடம் இறப்புச் சான்று, வருகிறவர்களுக்குத் தண்ணீரும் டீயும். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. குழந்தைகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் முதலில் சாப்பாடு கொண்டுபோங்கள். இட்லியும் சாம்பாரும் போதும். காரியம் முடியும்வரை அசைவம் சேர்க்காத வீடாக இருக்கலாம், எது கொண்டுபோனாலும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மாலை போடுவதும், பாடைக்குத் தோள் கொடுப்பதும், சுடுகாடு வரை நடப்பதும் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. வாய்க்கரிசி போடுவது சடங்கு; வரிசை வரும்போது இரண்டடி பின்னால் நகர்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். யாராவது கூப்பிட்டால் “நீங்க போடுங்கண்ணே, நான் இங்க நிக்கிறேன்” என்று மெல்லச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் குளிக்கச் சொல்வார்கள், குளியுங்கள்.

நித்தியத்தைப் பற்றியும் இரட்சிப்பைப் பற்றியும் அந்த வீட்டில் பேசாதீர்கள். கைப்பிரதி கொடுக்காதீர்கள். ‘முன்னமே ஜெபித்திருந்தால்’ என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் சொல்லாதீர்கள். சொன்னால் அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் மறக்காது. மனதுக்குள் ஜெபியுங்கள். அவர்களே “எங்களுக்காக வேண்டிக்கோங்க” என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் முடியும்படி, அவர்களுக்குப் புரியும் தமிழில், துக்கத்தை மட்டும் சொல்லி ஜெபியுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைத்தால் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் வேலை உண்மையில் தொடங்குகிறது. உறவினர்கள் எல்லாம் ஊருக்குப் போய், பந்தலும் பிரித்து, வீடு வெறிச்சென்று ஆகும் மூன்றாம் வாரத்தில் அந்த அம்மா தனியாக இருப்பார். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம், வங்கியில் நாமினி பெயர் மாற்றம், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், ஓய்வூதியம் என்று பேப்பர் வேலை குவிந்து கிடக்கும். ஒரு பைல் வாங்கி, இறப்புச் சான்றுக்குப் பத்து நகல் எடுத்து அதில் போட்டு, அவரோடு வங்கிக்குப் போங்கள். சாயங்காலம் அந்தப் பெரியவர் வழக்கமாக உட்காரும் திண்ணையில் பத்து நிமிடம் போய் உட்காருங்கள்.

*

நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஹோமம் இருக்கும். எத்தனை மணிக்குப் போவது? — வாசகி, மதுரை

பத்திரிகையில் முகூர்த்தம் அதிகாலை 4.30 முதல் 6 என்று இருந்தால் 7.30க்குப் போங்கள். அந்நேரம் டிபன் பந்தி தொடங்கியிருக்கும், வீட்டைச் சுற்றிக் காட்ட நண்பருக்கும் நேரம் இருக்கும். ஹோமத்தின்போதே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தினால் போய் ஓரமாக உட்காரலாம். அன்பளிப்பாகச் சுவர்க்கடிகாரமோ சமையல் பாத்திரமோ கொடுங்கள், வசனம் பொறித்த பலகை வேண்டாம். புது வீட்டில் அன்று கை குறைவாகத்தான் இருக்கும், பந்தியில் தண்ணீர் பரிமாற எழுந்துகொள்ளுங்கள்.